மீதிப் படம்

தம்பி, அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன். நான் ஏறினதுமே சொல்லிட்டேன், கண்டக்டர் காதுலயே வாங்கலை. நீங்க சொன்னா கேட்பாருங்க. நல்ல உயரமா இருக்கறீங்க, உயரத்துக்கு ஒரு மரியாதை இருக்குது. ஆங், குறைச்சுட்டாரு. இன்னும் கொஞ்சம்னு கை காட்டுங்க. போதுமுங்க, போதும். நன்றி.

உங்களுக்குப் படம் பார்க்கணுமோ? பார்த்த படமா? எல்லாரும் பார்த்த படந்தான். அப்பச் சரி. ஆனா ஒரு உதவி, கதையை மட்டும் சொல்லிறாதீங்க. சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் சொல்றேன். இந்தப் படத்தோட முன்பாதி எனக்கு மனப்பாடம். எந்த எடத்துல யாரு இருமுவாங்கன்னுகூடச் சொல்லிருவேன். பின்பாதி தெரியாது. அது என்னமோ இன்னிக்கு வரைக்கும் அமையலை.

ரசிகன் கிசிகன்லாம் இல்லீங்க. எனக்கு இது தொழில். இந்தாங்க கார்டு. நல்லசிவம், தலைமைப் பண்புப் பயிற்சியாளர். கீழ சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருக்குது பாருங்க, ‘திரையிலிருந்து தலைமைக்கு’ன்னு. அதுதான் என்னோட வகுப்புப் பேரு. நானே வச்சேன். மில்லு, கம்பெனி, காலேஜு, ஆஸ்பத்திரி, எங்க கூப்பிட்டாலும் போவேன். சினிமாவுல இருந்து சீனை எடுத்துப் போட்டு, தலைவன்னா யாரு, எப்படி நடந்துக்குவான்னு பாடம் எடுப்பேன். இப்பக்கூடக் கோயமுத்தூருக்கு அதுக்குத்தான் போயிட்டிருக்கறேன். ஒரு ஆஸ்பத்திரியில நர்சுங்களுக்கு நாளைக்குக் கிளாசு. கோட்டு பையில இருக்குது. பஸ்ல போட்டா கசங்கிரும்.

நீங்க என்ன, கம்ப்யூட்டர் கம்பெனியா? டீம் லீடா? அட, அப்ப நமக்குப் பேசறதுக்கு விஷயம் இருக்குது.

முன்னாடி நான் சேலத்துல ஒரு டுடோரியல்ல கணக்கு வாத்தியாருங்க. பொறகு ஒருத்தர் கூட சேர்ந்து இந்தப் பயிற்சி லைனுக்கு வந்தேன். ஆரம்பத்துல இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்து நாலு கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ள அம்பு போட்டு விளக்குவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம் ஒருத்தன் முழிச்சிருக்க மாட்டான். ஒரு நாள் எனக்கே தூக்கம் தள்ளுச்சுங்க. அன்னிக்கு வேற வழி தெரியாம லேப்டாப்புல கிடந்த ஒரு சீனைப் போட்டேன். இதோ, இந்தப் படத்துல இருந்துதான். அத்தனை பேரும் நிமிர்ந்து உக்கார்ந்துட்டாங்க. வாட்ச்மேன் வந்து கதவோரம் நின்னுட்டாரு. அன்னிக்குப் பிடிச்சதுதான் இந்தத் தொழிலு.

பாருங்க, பாருங்க, இப்பத்தான் அந்த எடம். ஹீரோ அந்த நெசவு மில்லுக்குப் புது மேஸ்திரியா வர்றாரு. முதல் நாளு. கூலிக்காரர் ஒருத்தர் நூல் மூட்டையைத் தூக்க முடியாமத் தடுமாறுறாரு. ஹீரோ என்ன பண்றாரு? உத்தரவு போடலை. கையை மடிச்சு விட்டுட்டு அந்தப் பக்கம் புடிக்கிறாரு. ‘உங்க பேரு என்னங்கய்யா’ன்னு கேக்கறாரு. அதுதான் நான் நடத்தற முதல் பாடம். தலைவன்னா பேரைக் கேட்டுத் தெரிஞ்சு வச்சுக்கணும். ‘ஏப்பா, இங்க வா’ன்னு கூப்பிடறவன் மேனேஜரு. பேர் சொல்லிக் கூப்பிடறவன் தலைவன். இதை நான் சொல்றப்ப எல்லாரும் எழுதிக்குவாங்க.

அந்தக் குடை வச்சிருக்கறவரு தெரியுதா, ஓரமா? அவரு மில்லுக் கணக்குப்பிள்ளை. எனக்கு ஹீரோவைவிட இவரைத்தான் புடிக்கும். எல்லார் கூடயும் சிரிச்சுப் பேசுவாரு, தொழிலாளியோட தரையில உக்கார்ந்து கூழு குடிப்பாரு, முதலாளி வீட்டுத் திண்டுலயும் உக்காருவாரு. ரெண்டு பக்கமும் நல்ல பேரு. அவர் நடையும் பேச்சும் என்னைய மாதிரியே இருக்குதுன்னு எங்க வீட்டம்மாகிட்டச் சொல்லியிருக்கறேன். கிளாசுலயும் சொல்வேன், ‘ஹீரோ ஆக எல்லாராலயும் முடியாது, இந்தக் கணக்குப்பிள்ளை மாதிரியாவது இருங்க’ன்னு. அந்த எடத்துல எப்பவும் ஒரு சிரிப்பு வரும். சொல்ற டைமிங் அப்படி.

ஏன் தம்பி ஒரு மாதிரி பார்க்கறீங்க? சொல்ல வேண்டாம்னேனே. வேண்டாமுங்க.

பின்பாதி ஏன் பார்க்கலைன்னா, அதுக்கும் ஒரு கதை இருக்குது. படம் வந்தப்ப காலேஜ் பசங்களோட போயிருந்தேன். சரியா இடைவேளையில கரண்டு போச்சு. ஜெனரேட்டரும் கைவிட்டுருச்சு. பசங்க கத்தினதுல டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. அதுக்கப்பறம் தொழிலுக்கு வேண்டியது முன்பாதியிலயே கிடைச்சுருச்சு. மீதி எதுக்குங்க? முன்பாதி முடியப் போறப்ப வெள்ளத்துல மில்லுக்குள்ள தண்ணி பூந்துரும், ஹீரோ எல்லாரையும் சேர்த்துட்டு முதலாளியோட நூலையெல்லாம் காப்பாத்துவாரு. மறுநாள் முதலாளி அவருக்கு மாலை போடுவாரு. ஹீரோ தோள்ல இருக்கற துண்டை எடுத்து இடுப்புல கட்டிட்டுக் குனிஞ்சு அந்த மாலையை வாங்கிக்குவாரு. அந்த மாலை விழுற எடத்துல நான் நிறுத்திருவேன். லைட்டைப் போட்டுருவேன். கைதட்டு வந்துரும். முதலாளிமாருங்களுக்கு அந்தச் சீன்னா உசுரு. ஒருத்தரு கண்ணையே தொடைச்சுக்கிட்டாரு.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன கோடை வரைக்கும்.

கம்பெனி பேரு வேண்டாமுங்க. திருப்பூர் பக்கம். பனியன் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறவங்க. அங்க எச்.ஆர். மேனேஜரு கோகுல்நாத்னு ஒருத்தர், சின்ன வயசு, வடக்கே படிச்சுட்டு வந்தவரு. கூப்பிட்டு அனுப்பினாரு. ‘சார், செக்கிங் செக்‌ஷன்ல வேலை ஓட மாட்டேங்குது. பொம்பளைங்களுக்கு ஒரு உற்சாகமே இல்லை. நீங்க வந்து கொஞ்சம் மோட்டிவேட் பண்ணணும்’னாரு. செக்கிங்னா, தைச்சு வந்த பனியனை மேசையில விரிச்சு, ஓட்டை கீட்டை இருக்கான்னு பார்த்து, தொங்கற நூலை வெட்டி அடுக்கறது. பூராவும் பொம்பளைங்க. பூராவும் நின்னுட்டே பண்ற வேலை.

சுத்திக் காட்டினாரு. யப்பா, என்ன வேக்காடுங்க தம்பி! சித்திரை மாசம். மேல தகரக் கொட்டகை. பக்கத்துலயே அயர்னிங், அந்த ஆவி பூராவும் இந்தப் பக்கம் வருது. ஃபேன் வரிசையாத் தொங்குது, ஒண்ணுகூட ஓடலை. ஏனுங்கன்னு கேட்டேன். ‘வெள்ளை ஓடுது சார்’னாரு. அதாவது வெள்ளைப் பனியன் ஆர்டர் வந்துட்டா ஃபேன் போட மாட்டாங்க. காத்துல பஞ்சும் தூசும் பறந்து வெள்ளையில ஒட்டிக்குமாம், வாங்கற பையர் திருப்பி அனுப்பிருவானாம். கலர் ஓடினா ஃபேன் ஓடும், வெள்ளை ஓடினா ஓடாது. அந்த வருஷம் கோடை பூராவும் வெள்ளை. பொம்பளைங்க ஈரத் துண்டைக் கழுத்துல சுத்திட்டு நின்னாங்க. வேர்வை பனியன்ல சொட்டிறக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு மேஸ்திரி பார்த்துட்டே இருந்தாரு.

எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஃபேனைப் பத்திப் பேச வந்தவன் இல்லையே. மனசை மாத்த வந்தவன். வெயில் வெளிய இருக்குது, உற்சாகம் உள்ள இருக்குதுன்னு அன்னிக்கே ஒரு வரி தோணுச்சு. கிளாசுல சொன்னேன். எழுதிக்கறதுக்கு யார்கிட்டயும் பேனா இல்லை.

கிளாசு கான்ஃபரன்ஸ் ஹால்ல. ஏ.சி. அவங்க ஓடி வந்து உக்கார்ந்ததைப் பார்க்கணுமே நீங்க! அப்படி ஒரு ஆர்வத்தை நான் எந்தக் கம்பெனியிலயும் பார்த்ததில்லை. கிளாசு முடிஞ்சும் ஒருத்தி எந்திரிக்கலை. ‘இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க சார்’னு கெஞ்சினாங்க. ஒரு பேச்சாளனுக்கு வேற என்ன வேணும்? கோகுல்நாத் சார்கிட்டச் சொன்னேன், ‘பாருங்க, தாகத்தோட இருக்கறாங்க’ன்னு.

முதல் கிளாசுல மூட்டை தூக்கற சீனைப் போட்டேன். போட்டுட்டு, ‘இதுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க’ன்னு கேட்டேன். நடு வரிசையில ஒரு பொம்பளை எந்திரிச்சுச்சு. முப்பத்தஞ்சு, நாப்பது இருக்கும், கட்டையா, மூக்குத்தி போட்டுட்டு.

“ஏனுங்க சார், அந்த மில்லுக்குள்ள ஃபேன் ஓடுதுங்க.”

எல்லாரும் கொல்லுனு சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். ‘அம்மா, அது சினிமா செட்டிங்கு’ன்னேன். ‘அதுவும் நூல் மில்லுதானுங்களே, பஞ்சு பறக்காதுங்களா’ன்னுச்சு. பேரைக் கேட்டேன். பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு இப்பத்தானே பாடம் நடத்தினேன். ‘வசந்தாமணிங்க’ன்னு சொல்லுச்சு. அந்த ஹால்ல எனக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான். மத்தவங்களைக் கேக்கறதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க.

தண்ணி இருக்குதுங்களா தம்பி? கொஞ்சம் கொடுங்க. சங்ககிரி தாண்டியாச்சா? அங்க என்ன ஓடுது? வெள்ளம் வந்துருச்சு. இன்னும் நேரம் இருக்குது. இருக்குது.

ரெண்டாவது கிளாசுல இந்த வெள்ளத்தைத்தான் போட்டேன். அப்பறம் மாலை. நிறுத்தினேன், லைட்டைப் போட்டேன். கைதட்டு வரலைங்க. அந்த வசந்தாமணிதான் கேட்டுச்சு.

“அப்பறமுங்க சார்?”

“அவ்வளவுதாம்மா. உழைப்புக்கு மாலை.”

“இல்லீங்க சார். படம் பாதியிலல்ல நிக்குது? மீதிப் படத்தைப் போடுங்க.”

அதுக்கப்பறம் பின்வரிசை, முன்வரிசை, எல்லாம் சேர்ந்துக்கிட்டாங்க. மீதியைப் போடுங்க, மீதியைப் போடுங்கன்னு. சின்னப் பசங்க மாதிரி. நானும் விடலை. ‘எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் தலைவன்’னேன். நல்ல பதில் இல்லீங்களா? அந்த நேரத்துல தோணுச்சு. அந்தம்மா என்னையவே பார்த்துட்டு இருந்துச்சு. ‘சார், நீங்க மீதியைப் பார்த்திருக்கறீங்களா’ன்னு கேட்டுச்சு. பார்க்கலைன்னு ஒரு டிரெய்னர் எப்படிங்க சொல்ல முடியும்? ‘அது உங்களுக்குத் தேவையில்லைம்மா’ன்னு முடிச்சுட்டேன்.

அந்த வாரம் செக்கிங்ல ஒரு பொண்ணு மயங்கி விழுந்துருச்சு. புதுசா வந்த பொண்ணு, பேரு தெரியலை. மேசை முனையில நெத்தி பட்டு, பனியன்மேல ரத்தம். அந்தக் கட்டுப் பூராவும் வீணாப் போச்சுன்னு கோகுல்நாத் சாரு போன்ல வருத்தப்பட்டாரு. ‘உற்சாகம் பத்தலை சார், அடுத்த கிளாசை இன்னும் ஸ்ட்ராங்கா எடுங்க’ன்னாரு. நானும் புதுசா ரெண்டு சீனு ரெடி பண்ணினேன்.

அடுத்த கிளாசே நடக்கலைங்க. திங்கக்கிழமை காலையில அந்தச் செக்‌ஷன் பூராவும் வந்து, அவங்கவங்க மேசைக்கு முன்னாடி நின்னுக்கிட்டாங்க. கத்தரியைப் பனியன்மேல வச்சுட்டுக் கையைக் கட்டிட்டு நின்னாங்க. கோஷமில்லை, கொடியில்லை. வெளிய போகலை, உக்காரலை, பேசலை. மேஸ்திரி கத்தினாரு, அப்பறம் மேனேஜர் வந்து கத்தினாரு, அவங்க மேல தொங்கற ஃபேனைப் பார்த்துட்டு நின்னாங்களாம். வெள்ளைப் பனியன் மலை மாதிரி குமிஞ்சுருச்சு. சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு, கத்தரியை எடுத்து அதோட எடத்துல மாட்டிட்டு, வரிசையா வீட்டுக்குப் போயிட்டாங்க. மறுநாளும் அதே மாதிரி.

என்னையக் கூப்பிட்டு விட்டாங்க. அந்த ரூம்ல நல்ல குளிருங்க தம்பி. நான் பையில இருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டேன்னா பார்த்துக்கங்க. கோகுல்நாத் சாரு காபி சொன்னாரு. பீங்கான் கப்புல வந்துச்சு.

“சார், நீங்க என்ன படம் போட்டீங்க? அதுல வர்ற மாதிரியே நிக்கறாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. செகண்ட் ஹாஃப்ல இதேதான் வருதாமே?”

“எனக்குத் தெரியாதுங்க சார். நான் பாதிதான் போட்டேன்.”

நம்பலை அவரு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டிங்கற மாதிரி ஆயிப்போச்சு என் நெலமை. பொம்பளைங்க சாப்பாட்டு நேரத்துல ஒரு போனை வச்சு, சுத்தி உக்கார்ந்து மீதியைப் பார்த்திருக்கறாங்க. அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? அடுத்த வருஷத்துக்கு அவங்க குரூப்புல இருக்கற அத்தனை யூனிட்டுக்கும் என்னையத்தான் போடறதாப் பேச்சு. மக காலேஜு சேர்க்கற வருஷம். அந்த ஆர்டர் கையை விட்டுப் போகவே கூடாதுன்னு நெனச்சேன்.

அப்பத்தான் கேட்டாரு. “சார், யாரைக் கேட்டாலும் ‘எல்லாருந்தான்’கறாங்க. ஒருத்திகூட ஒரு பேரைச் சொல்ல மாட்டேங்கறா. தலைமை இல்லாம இப்படி நிக்க முடியாது. நீங்க லீடர்ஷிப் எக்ஸ்பர்ட், உங்களுக்குத் தெரியும். யாரு?”

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் நம்ம தொழிலை மதிச்சு ஒரு கேள்வி கேக்கறாரு. நான் காட்டிக் கொடுக்கலைங்க. அந்த வார்த்தையே தப்பு. காபியைக் குடிச்சேன், யோசிச்சேன். ‘யார் தூண்டினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க சார். ஆனா நல்ல தலைமைப் பண்பு இருக்கற ஒரு அம்மா இருக்குது. தைரியமாக் கேள்வி கேக்கும். மத்தவங்க அது பேச்சைக் கேப்பாங்க. வசந்தாமணின்னு பேரு’ன்னேன். பாராட்டாத்தான் சொன்னேன். அப்படி ஒருத்தரை அடையாளம் கண்டு சொல்றதுதானுங்களே என் வேலை? அந்தம்மாவை சூப்பர்வைசர் ஆக்கலாம்னுகூட யோசனை சொல்லலாம்னு இருந்தேன். சொல்றதுக்குள்ள அவரு போனை எடுத்துட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலமே அந்தம்மாவை வேலையில இருந்து நிறுத்திட்டாங்க. கம்பெனி கேட்டுலயே பையை வாங்கிச் சோதனை போட்டு அனுப்பினாங்களாம். பன்னெண்டு வருஷமா வேலை பார்த்ததாம் அங்க.

அதுக்கு நானா பொறுப்பு? சொல்லுங்க. கேட்டாங்க, சொன்னேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கும் அந்த ஆர்டர் கிடைக்கலைங்க. ‘படம் காட்டிக் கெடுத்த வாத்தியாரு’ன்னு திருப்பூர் பூராவும் பேரு பரவிருச்சு. ஒரு பொம்பளை கேட்ட ஒரு கேள்வியால கோடையில இருந்து எனக்கு வேலை இல்லை. இதோ, இந்த ஆஸ்பத்திரிதான் முதல் கிளாசு. அதுவும் மச்சான் சொல்லி.

இன்னொண்ணு கேளுங்க. இப்ப அங்க ஃபேன் ஓடுது. வெள்ளை ஓடினாலும் ஓடுது. காத்து மேசைமேல நேரா அடிக்காத மாதிரி திருப்பி மாட்டி, வாரம் ஒருக்கா றெக்கையைத் தொடைக்கறாங்களாம். அவ்வளவுதான் விஷயம். இது யாரால வந்துச்சு? கணக்குப் போட்டுப் பாருங்க. நான் படம் போட்டதால வந்துச்சு. ஒரு பய சொல்ல மாட்டான்.

யாரு சொன்னான்னு கேக்கறீங்களா? அந்தம்மாதான். வசந்தாமணி. ஆடி மாசம் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். பிசிறு வெட்டறதுக்குப் பனியன் மூட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டிருந்துச்சு. நான் பார்க்காத மாதிரி போயிரலாம்னு கடைப் பக்கம் திரும்பினேன். ‘சார்’னு கூப்பிட்டுருச்சு. மூட்டையை நகர்த்தி பெஞ்சுல எடம் வேற போட்டுச்சு.

“நல்லா இருக்கறீங்களா சார்? கிளாசெல்லாம் நடக்குதுங்களா?”

அந்தம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலைங்க. நானும் பதிலுக்கு என் நஷ்டத்தைச் சொல்லியிருப்பேன். அது ஃபேன் ஓடறதைச் சொல்லுச்சு. ‘பிள்ளைங்க போன் பண்ணுச்சுங்க சார், காத்து நல்லா வருதாம்’னு அத்தனை சந்தோசமாச் சொல்லுச்சு. அது எந்தக் காத்துல நிக்கப் போகுது இனிமே? வேற எந்தக் கம்பெனியிலயும் அந்தம்மாவை எடுக்கலை. பேரைச் சொன்னாலே வேண்டாங்கறாங்களாம். அதையும் சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. மயங்கி விழுந்த பொண்ணு இப்ப எப்படி இருக்குதுன்னு ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

“எந்தப் பொண்ணுங்க சார்?”

“அதான்... அந்தப் புதுப் பொண்ணு.”

“பவளக்கொடிங்க சார் அது பேரு.” அப்படின்னு மெதுவாச் சொல்லுச்சு. “நல்லா இருக்குதுங்க.”

பஸ் வந்துருச்சு. நான்தான் மூட்டையில ஒரு பக்கம் புடிச்சு ஏத்தி விட்டேன். ஏறிட்டு, படியில நின்னுட்டுக் கேட்டுச்சு, “சார், மீதிப் படத்தைப் பார்த்தீங்களா?”

இல்லைம்மான்னேன். அன்னிக்கு ஹால்ல மறைச்சது, அங்க வாயில வந்துருச்சு.

“பாருங்க சார். உங்க கணக்குப்பிள்ளை வர்றாரு, பாருங்க.”

அவரு என்ன பண்றாருன்னு கேட்டேன். ‘சொன்னாச் சப்புனு போயிருமுங்க சார், நீங்களே பாருங்க’ன்னுச்சு. பஸ் கிளம்பிருச்சு.

அதுல இருந்து ஒரு எடத்துல உக்கார முடியலைங்க தம்பி. வீட்டுல லேப்டாப்பைத் தொறக்கறேன், மாலை வரைக்கும் ஓட்டறேன், கை தானா நிறுத்திருது. எங்க வீட்டம்மா, ‘பார்த்துத் தொலையுங்களேன், ஒரு சினிமாதானே’ங்கறா. அவளுக்குக் கதை தெரியும். கேட்டா, மூஞ்சியைத் திருப்பிட்டு அடுப்படிக்குப் போயிர்றா. ஊருல எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அப்ப, நான் கிளாசுல ‘கணக்குப்பிள்ளை மாதிரி இருங்க’ன்னு சொல்றப்ப வந்த சிரிப்பு இருக்குது பாருங்க... நர்சுங்ககிட்ட நாளைக்கு அதைச் சொல்லலாமா வேண்டாமா? அதுதான் காலையில இருந்து யோசனை. சொல்லலாம்தானே? பழகின வரிங்க அது.

அய்யோ, மாலை விழுந்துருச்சே. பேச்சு மும்முரத்துல கவனிக்கலை. இவங்க நிறுத்த மாட்டாங்க. தம்பி, பஸ் எங்க போயிட்டிருக்குது? அது யாரு? மிசின்ல கை மாட்டிட்டவரு, முதல்ல மூட்டை தூக்கினவருதானே? ஹீரோ பங்களாப் படி ஏறுறாரு. துண்டு தோள்லயே இருக்குது. இடுப்புக்கு வரலை. இடைவேளைன்னு போட்டுட்டான். இதுவரைக்கும்தான் தியேட்டர்ல பார்த்தேன், மாலைக்கப்பறம் வந்தது மறந்தே போச்சு. இதுக்கப்பறம் இருட்டு.

கண்டக்டர்! விஜயமங்கலத்துல ஒரு எறக்கம்! ... கோயமுத்தூர் டிக்கெட்டுதான், இருக்கட்டுமுங்க, எறங்கிக்கறேன். ... என்னங்க இது, ஒரு மனுசன் எறங்கறேன்னா நிறுத்த மாட்டீங்களா? பஸ்ஸு மேம்பாலத்துமேலயே போயிருமா, ஊருக்குள்ள எறங்காதா? அடுத்து நிக்கறது அவிநாசிதானா? அது எப்ப வரும்?

உக்கார்ந்துட்டேன், உக்கார்ந்துட்டேன். கையை விடுங்க தம்பி.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கறேன். காத்து நல்லா வருது. நீங்க பார்த்துட்டு இருங்க, எனக்குச் சொல்ல வேண்டாம். இப்ப என்ன ஓடுது? சொல்ல வேண்டாம். குடை தெரியுதுங்க, கண்ணாடியில. மழையில அவரு குடையைப் பிடிச்சுட்டு பங்களாவுக்குத்தான் போறாரு, இல்ல? முதலாளி எந்திரிச்சு உக்காரச் சொல்றாரு பாருங்க. தொழிலாளிங்ககிட்ட அப்படிப் பழகறவரு, போய்ச் சமாதானம் பேசுவாரு. எனக்குத் தெரியும் அவரை. அதுக்குத்தான் போறாரு.

அவருக்குக் காபி வந்துருச்சு.

அவரு முகத்தைப் பாருங்க தம்பி. கோவம் கீவம் ஒண்ணும் இல்லை. சிரிச்சுட்டுத்தான் சொல்றாரு. முதலாளி எழுதிக்கறாரு. என்ன சொல்றாருன்னு கேக்கலையே. நான்தான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். வேண்டாம், கூட்டி வைக்கச் சொல்லாதீங்க. நீங்க பார்த்த படம்தானே. நீங்களே சொல்லுங்க. பரவால்லை, இப்பச் சொல்லுங்க.

பாராட்டாத்தானுங்களே சொல்றாரு?